கண்டவன் ஒருவன், கொண்டவன் ஒருவன்!

செவ்வாய்க் கோளின் மேனியிலிருந்து பிய்த்தெறியப்பட்டு, வெட்டவெளியில் நெடுங்காலம் அலைந்து திரிந்து, ஆப்பிரிக்கப் பாலைமணலில் வந்து வீழ்ந்த கல் ஒன்று, 2025 ஜூலை 16 ஆம் நாள், நியூயார்க் நகரத்து ஏலக்கூடத்தில் மேடையேறிற்று. எடை 24.67 கிலோ! பூமியில் அதுநாள்வரை கிடைத்த செவ்வாய்க் கற்களில் அதுவே மிகப் பெரியது. ஏலம் நடத்தியது சோத்பீஸ் நிறுவனம். சுத்தியல் தட்டப்பட்டது, கட்டணங்களையும் சேர்த்து ஏறத்தாழ 53 லட்சம் டாலர் என்று விலை முடிந்தது.

வாங்கிய கோமான் யார்? பெயர் கூறப்படவில்லை. கண்டெடுத்தவர் யார்? அந்தப் பெயரும் கூறப்படவில்லை. 2023 இல், நைஜர் நாட்டு அகாடெஸ் வட்டாரத்தில், விண்கல் தேடுபவர் ஒருவர் கண்டார் — அவ்வளவே செய்தி! ஒருவர்! கொண்டவரின் பெயர் காக்கப்படுகிறது. கண்டவரின் பெயர் காணாமற்போகிறது. இரண்டும் மௌனந்தான்; எனினும் ஒன்று மாளிகைக் கதவின் மௌனம், மற்றொன்று மணலில் அழிந்த காலடியின் மௌனம்.

போகட்டும், கல்லின் பெயராவது பிறந்த மண்ணைச் சொல்கிறதா? விண்கல் எந்த ஊரில் விழுந்ததோ, எந்த இடத்தில் கண்டெடுக்கப்பட்டதோ, அந்த இடத்தின் பெயரையே அதற்குச் சூட்டுவது உலக வழக்கம். ஆனால் இந்தக் கல்லுக்கு விஞ்ஞான ஏட்டிலே உள்ள பெயர், 'வடமேற்கு ஆப்பிரிக்கா 16788'. ஊர் இல்லை; எண் இருக்கிறது! கிடைத்த இடம் துல்லியமாக நிறுவப்படாமல், வணிகர் கைமாறி வரும் சகாராக் கற்களுக்கெல்லாம் இப்படித்தான் பெயர். ஆயிரக்கணக்கான கற்கள் இந்த வரிசையில் நிற்கின்றன — சிறைக்கூடத்திலே கைதிகள் நிற்பதுபோல!

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. பீகாரிலே ஷெர்காட்டி என்று ஓர் ஊர். 1865 ஆகஸ்டு 25 ஆம் நாள் அங்கே ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள கல் ஒன்று வானிலிருந்து விழுந்தது. விழுந்த நாளும் இடமும் பதிவாயின. கல் ஆராய்வோர் கைக்குச் சென்றது. விளைவு என்ன? செவ்வாயிலிருந்து வந்த கற்களில் பெரும்பாலானவை எந்த வகையைச் சேர்ந்தனவோ, அந்த வகைக்கே இன்று உலகம் முழுவதும் 'ஷெர்காட்டைட்' என்றுதான் பெயர். நியூயார்க்கில் விலைபோன கல்லும் ஷெர்காட்டைட்டே! பதிவு செய்யப்பட்ட சிற்றூரின் பெயர் செவ்வாய் மட்டும் எட்டிற்று. பதிவு செய்யப்படாத பாலையின் பெயர் ஓர் எண்ணுக்குள் புதைந்தது.

விண்கல் பொறுக்குவதை நாம் பழிக்கவில்லை. வானத்தை அண்ணாந்து பார்ப்பவனை, காட்டிலும் மேட்டிலும் குனிந்து தேடுபவனை, நாம் வாழ்த்துகிறோம். பட்டம் பெறாதவன், பல்கலைக்கழகப் படியேறாதவன், ஆயினும் கண்ணிலே கேள்வி உடையவன் — அவனே விஞ்ஞானத்தின் முதற்படை. நாம் எதிர்ப்பது வேறு. அவன் கண்ட பொருளைப் பறித்து, அவன் பெயரை அழித்து, உலகுக்குச் சொந்தமான அறிவை ஒருவருடைய இரும்புப் பெட்டிக்குள் பூட்டும் வாணிகத்தையே எதிர்க்கிறோம். விழுந்த கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுவது பழைய மடமை என்றால், விலைச்சீட்டு ஒட்டிக் கும்பிடுவது புதிய மடமை. முன்னது கல்லைப் பேசவொட்டாமல் செய்தது. பின்னதும் அதையேதான் செய்கிறது!

இந்த அநீதி நேற்றுத் தொடங்கியதன்று. எளியவன் கண்டதற்கு முதலில் மறுக்கப்பட்டது, அவன் வாய்ச்சொல்.

1768 செப்டம்பரில், பிரான்சு நாட்டு லூசே என்னும் ஊரிலே, வயலில் வேலை செய்துகொண்டிருந்த உழவர்கள் இடிபோன்ற ஓசை கேட்டனர். வானிலிருந்து கல் விழக் கண்டனர். சூடு ஆறாத கல்லை எடுத்தும் காட்டினர். பாரிசின் அறிஞர் கழகம் மூவரை ஆராயப் பணித்தது. மூவரில் ஒருவர் லவாய்சியர் — நவீன வேதியியலுக்கு அடிக்கல் நாட்டிய மாமேதை! அவர்கள் தந்த தீர்ப்பு என்ன? கல் வானிலிருந்து வந்ததன்று. மண்ணிலே கிடந்த கல்லின்மீது மின்னல் தாக்கியிருக்கிறது! கல்லைச் சோதித்தனர்; கண்டவன் சொல்லைச் சோதிக்கவில்லை, தள்ளினர். வானிலே கல் ஏது, அது பாமரன் பிதற்றல் என்பது அக்கால அறிவாளிகளின் உறுதி.

1794 இல் ஜெர்மானியரான கிளாட்னி, இத்தகைய கற்கள் வெட்டவெளியிலிருந்து வருபவையே என்று நூல் எழுதினார். பலர் நகைத்தனர். பிறகு 1803 ஏப்ரல் 26 ஆம் நாள், நார்மண்டிப் பகுதியில் லேகிள் என்னும் ஊரைச் சுற்றி, ஒன்றல்ல, பத்தல்ல, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் பட்டப்பகலில் பொழிந்தன. அரசு அனுப்பியது பியோ என்ற 29 வயது இளைஞரை. அவர் பாரிசில் நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பெழுதவில்லை. ஊர் ஊராக நடந்தார். உழவனைக் கேட்டார், பெண்டிரைக் கேட்டார், ஒருவரையொருவர் அறியாதவர்களைத் தனித்தனியே கேட்டார். எல்லோர் வாக்கும் ஒத்திருந்தது. கல் விழுந்த இடங்களைக் குறித்துப் பார்த்தார். அவை நீள்வட்டமாக அமைந்திருந்தன. வேறு எங்கோ கிடந்த கல் அன்று, வானிலிருந்து வந்ததே என்று அறிக்கை தந்தார். அன்றுதான் ஐயம் தீர்ந்தது. லூசே உழவர்கள் பொய்யர் அல்லர் என்பதை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ள 35 ஆண்டுகள் ஆயின!

பகுத்தறிவு பேசும் நமக்கும் இதிலே பாடம் இருக்கிறது. "இல்லை" என்று உரக்கச் சொல்வது மட்டும் பகுத்தறிவாகாது. போய்ப் பார்ப்பது, கேட்பது, அளப்பது, ஒப்பிடுவது — அதுவே பகுத்தறிவு. கழகத்தாரும் பகுத்தறிவின் பெயராலேதான் மறுத்தனர்; பியோ பகுத்தறிவின் வழியாலே கண்டறிந்தார். பெயர் வேறு, வழி வேறு!

சொல்லை மறுத்தவர்கள் ஒருவாறு திருந்தினர். அடுத்து வந்தவர்கள் சொல்லை நம்பினர். நம்பி, பொருளையே தூக்கிச் சென்றனர்!

கிரீன்லாந்தின் வடமேற்கே, பனி சூழ்ந்த யார்க் முனைப் பகுதியிலே, இனுகுயிட் என்னும் எஸ்கிமோ மக்கள் வாழ்கின்றனர். இரும்புத் தாது உருக்கும் வசதி அவர்கள் நாட்டில் இல்லை. ஆனால் வானம் அவர்களுக்கு இரும்பை அனுப்பியிருந்தது. பெரிய பெரிய விண்ணிரும்புப் பாறைகள்! பல நூற்றாண்டுகளாக அவற்றைக் கருங்கல் கொண்டு தட்டி, சில்லுகளாகப் பெயர்த்து, கத்தியும் ஈட்டிமுனையும் செய்துகொண்டனர். 1818 இல் அங்கே சென்ற ஜான் ராஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர், அவர்கள் கத்தியில் இரும்பைக் கண்டு வியந்தார். அது வந்த இடமோ வெள்ளையர் கண்ணுக்கு நெடுநாள் அகப்படவில்லை.

1894 இல் அமெரிக்கரான பீரி அதனை அடைந்தார். தாமே தேடியா? இல்லை, அம்மக்களில் ஒருவர் வழிகாட்டி அழைத்துச் சென்றார். 1895 இல் இரண்டு பாறைகளைப் பீரி கப்பலேற்றினார். 1897 இல் ஏறத்தாழ 31 டன் எடையுள்ள பெரும்பாறையையும் கொண்டுபோனார். அம்மக்கள் அதனைக் 'கூடாரம்' என்று அழைத்து வந்தனர். அதற்குப் பீரியின் மகளுடைய பெயராகிய 'அஹ்னிகிட்டோ' சூட்டப்பட்டது. பின்னர் 40,000 டாலருக்கு நியூயார்க் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலை அவற்றை வாங்கிக்கொண்டது. இன்றும் அங்கேயே இருக்கின்றன.

கல்லோடு நின்றதா கொள்ளை? அதே 1897 இல், அதே கப்பலில், ஆறு இனுகுயிட் மக்களையும் பீரி நியூயார்க்குக்கு அழைத்து வந்தார். பொருட்காட்சிசாலையின் நிலவறையில் தங்கவைத்தனர். ஓராண்டுக்குள் நால்வர் நோயால் மாண்டனர். மாண்டவருள் ஒருவர் கிசுக். அவர் மகன் மினிக், ஏழு வயதளவுள்ள சிறுவன். தந்தையை அடக்கம் செய்வதாகக் கூறி அவனை அழைத்துச் சென்றனர். தோலால் போர்த்திய மரக்கட்டையைப் புதைத்து, அதையே தந்தையென நம்பவைத்தனர்! எலும்போ பொருட்காட்சிசாலையிலே ஆராய்ச்சிப் பொருளாயிற்று. வளர்ந்தபின் உண்மை அறிந்த மினிக், தந்தையின் எலும்பைத் தாருங்கள் என்று மன்றாடினான். கிடைக்கவில்லை. 1918 இல் அவனும் மாண்டான். அந்த நால்வரின் எலும்புகள் 1993 இல்தான் தாயகம் திரும்பின. பாறைகள் திரும்பவில்லை.

நெஞ்சில் ஈரமுள்ளோர் எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கற்களைக் கண்டவர் யார்? காத்தவர் யார்? அவற்றைக் கொண்டு வாழ்ந்தவர் யார்? ஏட்டிலே 'கண்டுபிடித்தவர்' என்று வருபவர் யார்? வீட்டுக்காரன் கதவைத் திறந்து விளக்குக் காட்ட, உள்ளே நுழைந்தவன் வீட்டையே கண்டுபிடித்ததாகப் பட்டயம் எழுதிக்கொண்டான்!

பீரியின் காலம் போயிற்று என்பார்கள். போயிற்றா? அன்று கப்பல் வந்தது. இன்று காசோலை வருகிறது. 2025 ஏலத்தைக் கண்டு நைஜர் அரசு விழித்தெழுந்தது. இதில் கள்ளக்கடத்தல் இருக்கக்கூடும் என்று விசாரணை அறிவித்தது. விண்கற்களும் மணிக்கற்களும் நாட்டைவிட்டு வெளியேறுவதை நிறுத்திவைத்தது. ஏல நிறுவனமோ, எல்லாம் முறைப்படியே நடந்தது, தாள்கள் யாவும் சரியாக உள்ளன என்றது. முறைப்படி நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். எந்த முறை? உலகிலேயே வறிய நாடுகளுள் ஒன்றின் மண்ணில் கிடைத்த பொருள், அந்நாட்டுச் சிறுவன் ஒருவன்கூடப் பார்க்கமுடியாதபடி, பெயர் கூறாத ஒருவர் கைக்குப் போவது முறையென்றால், மாறவேண்டியது அந்த முறைதான்!

விண்கல் வாணிகர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் எடுத்துரைப்போம். "விலை உண்டென்பதால்தான் பாலைநில மக்கள் தேடுகிறார்கள். தேடாவிட்டால் அந்தக் கற்கள் மணலிலே கிடந்து உளுத்துப்போகும். சந்திரக் கற்களும் செவ்வாய்க் கற்களும் பெருவாரியாக விஞ்ஞானிகளுக்குக் கிடைத்தது எங்களாலேதான்" என்கிறார்கள்.

இதில் உண்மை உண்டு. சகாராவின் நாடோடி மக்கள் ஒட்டகத்தோடு நடந்து, கூர்ந்த கண்ணால் கண்டு பொறுக்கியிராவிட்டால், விஞ்ஞானத்தின் களஞ்சியம் பெரிதும் வறண்டிருக்கும். ஆனால் இந்த உண்மை எவர் பக்கம் பேசுகிறது? கண்டவன் பக்கமா, கொண்டவன் பக்கமா? நடந்தவனுக்கு ஊதியம் வேண்டும் என்பது நியாயம். அந்த நியாயத்தை முன்னே நிறுத்தி, அதன் பின்னே ஏலக்காரன் ஒளிந்துகொள்வது என்ன நியாயம்?

விஞ்ஞானத்துக்கு அவர்கள் அளிக்கும் பங்கையும் பார்ப்போம். ஒரு விண்கல்லுக்கு முறையான பெயர் வேண்டுமானால், அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது 20 கிராம், இவற்றுள் எது குறைவோ, அந்த அளவையாவது ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒப்படைக்கவேண்டும் என்பது உலக விண்கல் கழகத்தின் விதி. 24.67 கிலோ கல்லுக்கு இந்த விதி கட்டாயமாகக் கேட்பது 20 கிராம்! ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதைக் கூடத்தில் அழகுக்கு வைக்கலாம். அறுத்துச் சில்லு சில்லாக விற்கலாம். நமீபியா நாட்டின் கிபியான் விண்ணிரும்பு, சீமான்களின் கைக்கடிகார முகப்பாக மின்னிக்கொண்டிருக்கிறதே, அதுபோல!

இன்னொன்றும் கேட்கிறோம். 'இது செவ்வாய்க் கல்' என்று விலை கூறுகிறார்களே, செவ்வாய்க் கல் என்று உலகுக்கு எப்படித் தெரிந்தது? 1976 இல் வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றின் கலவையை அளந்தன. அண்டார்க்டிகப் பனிவெளியில் 1979-80 ஆண்டுப் பயணத்தில் கண்டெடுத்த ஒரு கல்லுக்குள், கண்ணாடிபோல் உருகி உறைந்த பகுதியில், சிறிதளவு வளி சிறைப்பட்டிருந்தது. 1983 இல் பொகார்டு, ஜான்சன் என்னும் ஆய்வாளர் இருவர் அந்த வளி செவ்வாய்க் காற்றை ஒத்திருப்பதை அறிவித்தனர். அந்தக் கல் எவருடைய இரும்புப் பெட்டியிலும் இல்லை. பொதுச்செலவில் தேடி, பொதுவில் வைத்து, கேட்கும் ஆராய்ச்சியாளருக்கு விலையின்றி வழங்கும் களஞ்சியத்தில் இருந்தது. பொதுக் கல் தந்த அறிவை வைத்துத் தனிக் கல்லுக்கு விலை ஏற்றுகிறார்கள்! ஊரார் வெட்டிய கிணற்று நீரைக் குடத்தில் மொண்டு, ஊராருக்கே விற்பது இதுதான்.

அப்படியானால் வழி என்ன? வழி இருக்கிறது, நடைமுறையிலேயே இருக்கிறது. டென்மார்க்கில் 1990 முதல் நடப்பிலிருக்கும் சட்டப்படி, அந்நாட்டு மண்ணில் கிடைக்கும் அரிய விண்கல் அரசுக்கு உரியது. கண்டெடுத்துக் கொடுத்தவருக்கு வெகுமதி உண்டு. பொருள் பொதுவுக்கு, பரிசு கண்டவனுக்கு! எளிய விதி; ஏலக்காரனுக்கு அதில் வேலையில்லை.

இங்கிலாந்திலே 2021 பிப்ரவரி 28 ஆம் நாள் இரவு, நெருப்புப் பிழம்பொன்று வானில் ஓடியது. வானியல் ஆர்வலர்கள் தங்கள் வீடுகளில் பொருத்தியிருந்த கருவிகளும் ஆய்வு நிலையத்தார் கருவிகளும் அதனைப் படம்பிடித்தன. அது வந்த பாதை கணிக்கப்பட்டது. வின்ச்கோம் ஊரில் ஒரு வீட்டு வாசலில் கரித்தூள்போல் சிதறிக் கிடந்ததை, அந்தக் குடும்பத்தார் மறுநாளே பையில் சேகரித்து, பொருட்காட்சிசாலைக்கு அளித்துவிட்டனர். மழை நனைப்பதற்குள் வந்த அந்தக் கல்லிலே விண்வெளி நீர் இருந்தது. அந்த நீரின் தன்மை பூமி நீரை ஒத்திருந்தது. நம் கடல்களின் நீர் எங்கிருந்து வந்தது என்ற பெருங்கேள்விக்கு, ஒரு வீட்டு வாசல் தடயம் தந்தது!

வசதியுள்ள வீட்டார் இலவசமாக அளித்தார்கள். நைஜர் பாலையில் நடப்பவனிடம் அதையே எதிர்பார்ப்பது கொடுமை. ஆகவேதான் வெகுமதியைச் சட்டமாக்குக என்கிறோம். வறிய நாட்டின் அரசால் இயலாதெனில், அந்நாட்டுக் கற்களை ஆராய்ந்து புகழ் பெறும் பணக்கார நாட்டு நிலையங்கள் அந்தச் செலவை ஏற்கட்டும். கண்டவன் இசைந்தால், அவன் பெயரும் ஊரின் பெயரும் ஏட்டிலே ஏறட்டும். கல்லில் ஒரு பங்கு அந்த மண்ணிலேயே, அந்த மக்கள் பார்க்கும் இடத்திலே, நிலைக்கட்டும்.

வானத்து அறிவு எளியோருக்கு எட்டாத பொருள் என்று எவரேனும் கூறினால், நார்வே நாட்டு இசைக் கலைஞர் ஜான் லார்சனைக் காட்டுகிறோம். விண்வெளித் தூசி நகரங்களிலும் விழுகிறது, கூரைமேல் தேடினால் கிட்டும் என்றார். ஆலைப்புகை மண்டிய நகரத்திலே அதைப் பிரித்தறிய இயலாது என்பதே நிபுணரிடையே நெடுங்காலம் நிலவிய கருத்து. லார்சன் விடவில்லை. கூரைத் தாழ்வாரங்களின் மண்ணைச் சேர்த்து, காந்தத்தால் பிரித்து, நுண்ணோக்கியில் ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 300 கிலோ கூரை மண்ணைச் சலித்ததில், 500 விண்துகள்கள்! 2017 இல் விஞ்ஞானிகளோடு சேர்ந்து அதனை வெளியிட்டார். லூசே உழவனுக்கு 35 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நீதி, இந்த இசைவாணருக்கு விரைவிலே கிடைத்தது.

வாசகத் தோழர்களே! அந்தத் தூசி நம் மொட்டைமாடிகளிலும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஏலக்கூடம் இல்லை. நல்ல காந்தமும் நுண்ணோக்கியும் பொறுமையும் போதும்; பள்ளிச் சிறுவரும் தேடலாம். கல்லே விழக் கண்டால், எழுந்து சென்று நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்க, கிடந்தபடியே படமெடுத்துக்கொள்க, வெறுங்கையால் தொடாதீர், காந்தம் வைத்துப் பாராதீர் — கல்லிலே உறைந்திருக்கும் பழங்காலக் காந்தச் சுவடு அதனால் அழியும். சூடம் காட்டாதீர், தரகனைத் தேடாதீர், ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொல்லுங்கள். கொடுக்கும்போது, கண்ட இடத்தையும் கண்டவர் பெயரையும் எழுதிக்கொள்ளும்படி கேளுங்கள், எழுதும்வரை நில்லுங்கள்!

வானம் வேலி போட்டு விழவில்லை. சீமான் தோட்டம், ஏழை வயல் என்று பார்த்துக் கல்லை எறியவில்லை. விழுந்தபின் வேலி போட்டவன் மனிதன். அவன் போட்ட வேலியை அவனே பிடுங்கவேண்டும். கண்டவன் பெயர் கல்வெட்டாகட்டும். கல் கற்போர் உடைமையாகட்டும்!